சீமையத்தியைப் போத்து வைத்து வீட்டிலேயே விருத்தி செய்தல்

அரிதாக நிகழும் ஒன்றை 'அத்தி பூத்தாற்போல' என்று கூறுவது நம் நாட்டு வழக்கு. உண்மையில் அத்தி பூவாமல் இருப்பதில்லை. அதன் பூக்கள் காயின் உட்புறத்தில் நூற்றுக்கணக்காக அடங்கியிருப்பதால் வெளியில் தெரிவதில்லை. நாம் காய் என்று கருதுவதே ஒரு மூடிய பூங்கொத்து ஆகும். இவ்விஷயத்தை நன்கு அறிந்துகொள்ளாததனாலேயே அத்தி வளர்க்க முற்பட்ட பலர் பணமும் காலமும் இழந்திருக்கின்றனர்.

நாட்டத்தி ஆற்றங்கரையிலும் கிணற்றோரத்திலும் தானே முளைத்து வளர்வது. கடைகளில் கயிற்றில் கோத்தும் பெட்டியில் அடைத்தும் உலர்பழமாக விற்கப்படுவதும், கோடையில் புதுப்பழமாகக் கிடைப்பதும் சீமையத்தி என்னும் வேறு ஜாதி. இந்தியாவில் இதனைப் பெரிதும் பயிர் செய்யும் இடம் மகாராஷ்டிரத்தின் புனா ஜில்லாவைச் சேர்ந்த புரந்தர் தாலுகாவாகும். அவ்விடத்து அத்திப்பழம் 2016-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. கடும் மழையின்றி, வறண்ட காற்றும், தண்ணீர் தேங்காத நிலமும், கிணற்றுப் பாசனமும் உள்ள இடங்களில் இம்மரம் நன்கு பலன் தரும். ஆதலின், தோட்டக்கால் உடைய நம் குடியானவர்கள் கிணற்று மேட்டிலோ வீட்டுக் கொல்லையிலோ நான்கைந்து மரங்கள் வைத்துக்கொள்வது எளிது. அதற்குக் கன்றுகளை விலை கொடுத்து வாங்கவேண்டும் என்பதும் இல்லை. முருங்கையும் பூவரசும் கிளுவையும் போத்து வைத்து வளர்ப்பது போலவே இதனையும் வளர்க்கலாம்.

விதை ஏன் உதவாது?

உலர்ந்த அத்திப்பழத்தின் விதைகளைத் தூவினால் அவை முளைப்பதுண்டு. முளைத்ததைக் கண்டு மகிழ்ந்து மூன்று நான்கு ஆண்டுகள் தண்ணீர் ஊற்றியவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஏமாற்றமே. அதற்குக் காரணம் வருமாறு.

சீமையத்தியில் ஆண் தன்மையுடைய மரங்களும் பெண் தன்மையுடைய மரங்களும் தனித்தனியே உண்டு. ஆண் மரத்தின் காய் உண்ணத் தக்கதன்று. அதனுள் ஒரு சிறிய குளவி பிறந்து வளர்கிறது. பெண் மரங்களிலும் இரு வகை உண்டு. ஒரு வகையில், அக்குளவி மகரந்தத்தைச் சுமந்து காயினுள் நுழைந்தால்தான் காய் பழுக்கும். இல்லையேல் இளங்காயாகவே உதிர்ந்துவிடும். துருக்கி தேசத்து ஸ்மிர்னா அத்தி இவ்வகையைச் சேர்ந்தது. மற்றொரு வகையில், குளவியின் உதவியின்றியே காய் பழுக்கும். புனா அத்தி இவ்வகையினது.

ஸ்மிர்னா வகையின் விதைகளை முளைக்கவைத்தால் ஏறக்குறையப் பாதி ஆண் மரங்களாகப் போய்விடும். எஞ்சியவற்றில் பெரும்பாலானவை குளவியை எதிர்நோக்கி நிற்கும். நம் நாட்டத்தியினுள் காணப்படும் குளவி வேறு இனம். அது சீமையத்திக்கு உதவாது. குளவியின்றிப் பழுக்கும் புனா அத்தியிலோ விதைகள் உள்ளீடற்ற பதர்களாகவே இருக்கும். அவை முளைப்பதே இல்லை. ஆகவே எவ்வாற்றானும் விதை பிரயோஜனமில்லை என்பது தெளிவு.

அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று ஊரார் சொல்லுவது நாட்டத்தியினுள் வாழும் குளவிகளை நோக்கியே. புனா வகைச் சீமையத்திக்குக் குளவி தேவையில்லாததால் அக்குறை அதற்கு இல்லை.

போத்தின் குணமும் கலிபோர்னியாவில் கற்ற பாடமும்

போத்து என்பது தாய் மரத்தின் ஓர் உறுப்பே. அதிலிருந்து வளரும் மரம் தாயின் குணம் அனைத்தையும் மாறாமல் பெறும். 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்னும் பழமொழி இங்கே எழுத்துக்கு எழுத்து பொருந்தும். ஜோர்தான் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 11,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட கரிந்த அத்திப்பழங்கள் கிடைத்ததையும், அவை குளவியின்றிப் பழுத்த வகையைச் சேர்ந்தவை என்பதையும் காட்டி, நெல்லும் கோதுமையும் பயிரிடுவதற்கு முன்பே மனிதர் அத்தியைப் போத்து வைத்து வளர்த்திருக்கலாம் என்று 2006-இல் சில ஆராய்ச்சியாளர் கருத்து வெளியிட்டனர். இக்கருத்தை எல்லோரும் ஏற்கவில்லையாயினும், போத்து முறை மிகப் பழமையானது என்பதில் ஐயமில்லை.

ஆனால் போத்தின் இக்குணமே, தாயை அறியாமல் நடுவோருக்குத் தீங்காகவும் முடியும். 1880-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து வெளிவந்த ஒரு பத்திரிகை, ஸ்மிர்னாவிலிருந்து ஏறத்தாழ 14,000 அத்திப் போத்துக்களை வரவழைத்துத் தன் சந்தாதாரர்களுக்கு வழங்கியது. போத்துக்கள் நன்கு வேர்விட்டு மரமாயின, காயும் பிடித்தன. ஆனால் காய்கள் கோலிக்குண்டு அளவிலேயே உதிர்ந்தன. ஸ்மிர்னா வியாபாரிகள் பயனற்ற வகையை அனுப்பித் தங்களை ஏமாற்றிவிட்டனர் என்று பலர் எண்ணினர். சிலர் மரங்களை வெட்டியும் விட்டனர். குளவி இல்லாத குறையே காரணம் என்பது பின்னரே எல்லோருக்கும் விளங்கிற்று. 1899-இல் பிரெஸ்னோ என்னும் ஊரில் அக்குளவி குடியேற்றப்பட்ட பிறகே அம்மரங்களின் காய்கள் பழுத்தன. போத்து வேர்விட்டதை மட்டும் கண்டு திருப்தியடைதல் தகாது என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டுவதில்லை.

தாய் மரத்தைத் தெரிந்தெடுத்தல்

ஆகையால், முதல் விதி யாதெனில், தன் ஊரிலோ பக்கத்து ஊரிலோ பழுத்துப் பலன் தந்துகொண்டிருக்கும் மரத்திலிருந்தே போத்து எடுக்கவேண்டும். இரண்டு பருவங்களாவது அதன் பழத்தைக் கண்ணால் கண்டிருப்பது நலம். எங்கிருந்தோ வந்த, பெயர் மட்டும் பெரிதாகச் சொல்லப்படும் போத்தை அதிக விலை கொடுத்து வாங்குதல் கூடாது.

இரண்டாவதாக, மரத்தின் நோயைக் கவனிக்கவேண்டும். போத்தோடு வரும் நோய் ஒன்றும், வாராத நோய் ஒன்றும் உண்டு. இலையில் ஒழுங்கற்ற மஞ்சள் திட்டுக்கள் தோன்றி, இலை சிறுத்து உருமாறி, திட்டுக்களின் ஓரம் பின்னர் துருநிறம் அடைவது தேமல் நோய். இது நச்சுயிரியால் உண்டாவது. கண்ணுக்குப் புலப்படாத ஒருவகைச் சிலந்திப்பேன் இதனை மரத்துக்கு மரம் பரப்பும். இதற்கு மருந்து இல்லை. நோயுற்ற தாயின் போத்து ஒவ்வொன்றும் நோயுடனேயே பிறக்கும். எனவே தேமல் கண்ட மரம் எவ்வளவு காய்த்தாலும் அதிலிருந்து போத்து எடுத்தல் ஆகாது. இலை உதிர்ந்தபின் இந்நோய் தெரியாது. ஆதலின் மரம் பசுமையாக இருக்கும் காலத்திலேயே பார்த்து, நல்ல மரத்திற்கு அடையாளம் இட்டுவைக்கவேண்டும்.

வேர்முடிச்சு நூற்புழு என்பது மற்றொன்று. இது மண்ணில் வாழ்ந்து, வேரில் புகுந்து, மணிமணியான முடிச்சுக்களை உண்டாக்கி மரத்தை நலிவிக்கும். சீமையத்தி இப்புழுவிற்கு மிக எளிதில் இரையாகும். ஆனால் மண்ணுக்கு மேலே வெட்டிய போத்தில் இது வருவதில்லை. வேரும் மண்ணுமாக விற்கப்படும் கன்றில் வரக்கூடும். கன்று வாங்குவதினும் போத்து வாங்கித் தன் மண்ணில் வேர்விடச் செய்வது மேல் என்பதற்கு, செலவுக் குறைவைக் காட்டிலும் இதுவே வலுவான காரணம்.

வெட்டும் காலமும் முறையும்

மரம் இலை உதிர்த்து ஓய்ந்திருக்கும் மார்கழி முதல் மாசி முற்பகுதி வரை போத்து வெட்டச் சிறந்த காலம். அப்போது கிளையில் மாவுச்சத்து சேமிப்பாக இருக்கும். மொட்டு வீங்கித் துளிர்க்கத் தொடங்கிய பிறகு வெட்டினால் அச்சேமிப்பு செலவாகிவிடும். மரத்தைக் கவாத்து செய்யும்போது கழிக்கும் கிளைகளையே இதற்குப் பயன்படுத்திக் கொள்ளலாம்.

சென்ற ஆண்டில் வளர்ந்து முற்றிய, சுண்டு விரல் பருமனுள்ள கிளை ஏற்றது. பசுமை மாறாத நுனிக் கிளை அழுகும். மிகப் பருத்த பழங்கிளை தாமதித்தே வேர்விடும். ஒவ்வொரு போத்தும் 8 முதல் 10 அங்குல நீளமும், நான்கு முதல் ஆறு கணுக்களும் உடையதாக இருக்கவேண்டும். அத்திக் கிளையின் நடுவில் மென்மையான சோறு உண்டு. கணுவில் மட்டும் அது அடைபட்டுக் கெட்டியாக இருக்கும். ஆகவே அடி வெட்டைக் கணுவை ஒட்டி அதற்குச் சற்றுக் கீழேயும், மேல் வெட்டை மேற்கணுவுக்கு அரை அங்குலம் மேலேயும் இடவேண்டும். அடி வெட்டு சாய்வாகவும் மேல் வெட்டு மட்டமாகவும் இருந்தால், நடும்போது தலைகீழாகிவிடும் பிழை நேராது. கத்தி கூர்மையாக இருக்கவேண்டும். பட்டை நசுங்கினால் அவ்விடத்தில் அழுகல் தொடங்கும்.

வெட்டிய இடத்திலிருந்து பால் வடியும். அப்பால் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் கொப்புளம் எழும். கையுறை அணிந்தோ, கையில் துணி சுற்றியோ வேலை செய்து, முடிந்தவுடன் சோப்பிட்டுக் கழுவவேண்டும். குழந்தைகளை அருகில் விடலாகாது.

பால் வடிந்து உலரும்வரை போத்துக்களை ஒரு நாள் நிழலில் வைத்திருந்து, பிறகு நடலாம். உடனே நட இயலாதபோது கட்டாகக் கட்டி, நிழலில் ஈரமணலில் புதைத்து வைத்தால் இரண்டு மூன்று வாரங்கள் கெடாமல் இருக்கும். அதற்குள் அடி வெட்டில் வெண்மையான புடைப்புத் தோன்றுவது நல்ல அறிகுறி. தொலைவிற்கு அனுப்புவதாயின் ஈரச் சாக்கில் சுற்றி அனுப்பவேண்டும். தண்ணீரில் ஊறவிட்டு வைத்தல் தவறு. வேரூக்கி மருந்துகள் கடைகளில் கிடைக்கின்றன. எனினும் நல்ல போத்துக்கு அவை இன்றியமையாதவை அல்ல.

பாத்தியும் நடவும்

அரை நிழலுள்ள இடத்தில் அரை அடி உயர மேட்டுப்பாத்தி அமைக்கவேண்டும். ஆற்று மணல், செம்மண், நன்கு மக்கிய இலைமட்கு மூன்றையும் சம அளவில் கலந்து இடலாம். புதுச்சாணமும் மக்காத தொழுவுரமும் கறையானை அழைப்பதோடு போத்தின் அடியையும் அழுகச் செய்யும். கத்தரி, தக்காளி, வெண்டை பயிரிட்ட இடத்து மண்ணை எடுத்தல் கூடாது. அப்பயிர்கள் நூற்புழுவை வளர்ப்பவை. முன்னதாகவே திட்டமிடுவோர், முந்திய சித்திரை, வைகாசியில் பாத்தியை நனைத்து, கண்ணாடி போன்ற தெளிவான பாலிதீன் தாளால் மூடி, ஓரங்களை மண்ணால் அணைத்து, ஆறு வாரம் விட்டுவைத்தால் வெயிலின் உஷ்ணத்தால் புழுக்கள் பெரும்பாலும் மடியும்.

போத்துக்களை முக்கால் அடி இடைவெளியில், மேலே ஒன்று அல்லது இரண்டு கணுக்கள் மட்டும் தெரியும்படி ஊன்றவேண்டும். குச்சியால் குழி செய்து, போத்தை இறக்கி, சுற்றிலும் மண்ணை நன்கு அழுத்தவேண்டும். மண்ணுக்கும் போத்துக்கும் இடையே காற்று புகும் வெற்றிடம் இருந்தால் அடி உலர்ந்துபோகும். பாலிதீன் பையில் நடுவதாயின் அடியில் துளைகள் இட மறவாதிருக்கவேண்டும். பத்து மரம் வேண்டுவோர் இருபது போத்து நடுவது விவேகம்.

துளிரைக் கண்டு ஏமாறாதிருத்தல்

நட்ட இரண்டு மூன்று வாரங்களில் மேற்கணுவிலிருந்து துளிர் கிளம்பும். போத்து பிடித்துவிட்டது என்று எண்ணிப் பலர் நிழலை நீக்கி, தண்ணீரை மிகுதியாகப் பாய்ச்சுகின்றனர்; வேறு சிலர் வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்கின்றனர். இவ்விரண்டினாலும் இறக்கும் போத்துக்களே அதிகம். முதல் துளிர் வேரின் உழைப்பால் வந்ததன்று. போத்தில் சேமித்த உணவைக் கொண்டே வந்தது. அப்போது அடியில் வேர் இராது. வேர் விடுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். முதல் இலைகள் விரிந்து சிறிது காலம் வளர்ச்சி நின்று, பின் இரண்டாம் முறை புதுத்துளிர் தழைத்து வருவதே வேர் பிடித்ததற்கு உண்மையான அடையாளம்.

அதுவரை மண் ஈரமாக இருக்கவேண்டுமே தவிரச் சேறாக இருத்தல் கூடாது. ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் இறுக்கினால் உருண்டையாக நிற்கவேண்டும். தண்ணீர் ஒழுகினால் அதிகம் என்று அறிக. இளம்போத்திலேயே பிஞ்சு தோன்றினால் இரக்கமின்றிக் கிள்ளிவிடவேண்டும். அது வேருக்குச் சேரவேண்டிய உணவை உறிஞ்சிவிடும்.

நிலத்தில் நடுதல்

நன்கு வேர்விட்ட கன்றைத் தென்மேற்குப் பருவமழை பெறும் இடங்களில் ஆடி மாதத்திலும், வடகிழக்குப் பருவமழை கடுமையாகப் பெய்யும் கரையோரங்களில் மழை ஓய்ந்தபின் தை மாதத்திலும் நடலாம். 2 அடி நீள அகல ஆழமுள்ள குழியை முன்னரே வெட்டி ஆறவிட்டு, மேல்மண்ணுடன் ஒரு கூடை மக்கிய எருவும், இரண்டு கிலோ வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்பவேண்டும். மரத்துக்கு மரம் 15 அடி இருப்பது நலம். வேர் ஈரத்தைத் தேடி நெடுந்தூரம் ஓடுமாதலால், வீட்டுச் சுவர், கழிவுநீர்த் தொட்டி, கிணற்றுச் சுற்றுக்கட்டு ஆகியவற்றுக்கு அருகில் வைத்தல் ஆகாது. நூற்புழு மிகுந்த நிலத்தில், நாட்டத்தி நாற்றின்மேல் ஒட்டுக்கட்டிய கன்றை நடும் முறையும் உண்டு.

நட்ட கன்றை முழங்கால் உயரத்தில் நுனி வெட்டி, மூன்று நான்கு பக்கக் கிளைகளை மட்டும் விடவேண்டும். பெரும்பாலும் புதுத்துளிரில்தான் காய் பிடிக்கும். ஆகையால் ஆண்டுதோறும் கவாத்து அவசியம். புனாப் பகுதியில் மழைக்காலத்தில் பழுக்கும் போகத்தைக் 'கட்டா' அதாவது புளிப்பு என்றும், கோடையில் பழுப்பதை 'மீட்டா' அதாவது இனிப்பு என்றும் வழங்குகின்றனர். மழையில் பழுக்கும் காய் வெடித்துச் சுவை குன்றும். எனவே கோடையில் பழுக்குமாறு கவாத்தையும் பாசனத்தையும் அமைத்துக்கொள்வது உத்தமம். இரண்டு மூன்று ஆண்டுகளில் பலன் காணலாம். காயாகப் பறித்தால் பின்னர் பழுக்காது. காம்பு தளர்ந்து தொங்கியபின்னரே பறிக்கவேண்டும். அணிலுக்கும் பறவைக்கும் வலை கட்டிக் காக்கவேண்டும்.

துரு நோயும் தண்டுத் துளைப்பானும்

மேகமூட்டமும் ஈரமும் மிகுந்த காலத்தில் இலையின் அடிப்புறம் பழுப்புநிறத் தூள் படிந்து, இலைகள் காலத்திற்கு முன் உதிர்வது துரு நோய். உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரித்து, நூற்றுக்கு ஒரு பங்கு போர்டோ கலவை தெளிக்கவேண்டும். இதற்கு மயில்துத்தம் 1 கிலோவை 50 லிட்டர் நீரிலும், சுட்ட சுண்ணாம்பு 1 கிலோவை 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்துப் பின் ஒன்றாகக் கலக்கவேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. துலக்கிய கத்தியைக் கலவையில் நனைத்துப் பார்க்கையில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்கவேண்டும்.

தண்டில் துளையும், அதனடியில் மரத்தூளும் காணப்பட்டால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது என்று அறிக. வளைந்த கம்பியால் புழுவைக் குத்தி எடுத்து, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைத் துளையில் திணித்துச் சேற்றால் பூசிவிடவேண்டும். வாரம் ஒருமுறை அடிமரத்தைப் பார்த்துவருவோர்க்கு இப்புழுவால் பெருநஷ்டம் நேராது.

கிராம அலுவலர்கள் கவனத்திற்கு

போத்து இலவசமாகக் கைமாறும் பொருள். ஒருவர் கொல்லையிலிருந்து ஊர் முழுவதற்கும் அது பரவ இரண்டு ஆண்டு போதும். நல்ல மரமாயின் ஊருக்கு நன்மை, தேமல் கண்ட மரமாயின் ஊருக்கே நஷ்டம். ஆகவே ஊரில் நன்கு பழுக்கும், நோயற்ற தாய் மரங்கள் எவை என்று ஒரு பட்டியல் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் வைத்து, கேட்பவர்களுக்கு அவற்றைக் காட்டுவது கிராம அலுவலர்கள் செய்யத்தக்க சிறந்த உதவி. பட்டியலை ஆண்டுதோறும் இலை பசுமையாக உள்ள காலத்தில் சரிபார்த்து, நோய் கண்ட மரத்தின் பெயரை அடித்துவிடவேண்டும்.

நினைவில் வைக்கவேண்டியவை

1. விதை வேண்டாம், ஊரிலே பழுத்த மரத்தின் போத்தே வேண்டும்.
2. தாய் மரத்தை இலையுள்ள காலத்தில் பார்த்து அடையாளமிட்டு, இலையுதிர்ந்த காலத்தில் வெட்டுக.
3. சுண்டு விரல் பருமன், 8 முதல் 10 அங்குல நீளம், கணுவை ஒட்டிய அடி வெட்டு.
4. புதுச்சாணமும், கத்தரி, தக்காளி நின்ற மண்ணும் ஆகா.
5. முதல் துளிரை நம்பாதீர். இரண்டாம் துளிரைக் காண்க. அதுவரை பிடுங்கிப் பார்த்தல் கூடாது.
6. தேமல் கண்ட மரத்தின் போத்தைத் தானும் நடாமல், பிறருக்கும் கொடாதிருத்தல் ஒவ்வொருவர் கடமை.

வரும் தை மாதக் கவாத்தில் கழிக்கும் குச்சிகளை அடுப்பில் இடுமுன், அவற்றுள் நல்லவை இருபதைப் பொறுக்கி ஒரு பாத்தியில் ஊன்றி வைப்பவர், அதிகச் செலவின்றித் தம் குழந்தைகளுக்கும் அண்டை வீட்டாருக்கும் பல்லாண்டு பழம் தரும் மரங்களைத் தேடிக்கொள்வர்.